"ஐ ஆம் ஹேவிங்" எப்போது சரி, எப்போது தப்பு? ஹேவ் என்ற வினைச்சொல்லை நம்ம "இரு"வை வைத்துப் புரிந்துகொள்வது

கேட்டவர் சென்னை பெருங்குடியில் ஒரு கம்பெனியில் கஸ்டமர் கால் எடுக்கிற வேலை பார்க்கிறார். மீட்டிங்கில் "ஐ ஆம் ஹேவிங் எ டவுட்" என்று சொன்னதை டீம் லீட் திருத்தியிருக்கிறார். "ஹேவிங் லஞ்ச் சரியாம், ஹேவிங் எ டவுட் தப்பாம். ஹேவ், ஹேஸ், ஹேட், ஹேவ் ஹேட், ஹேவ் டு, இதெல்லாம் எங்கே எது வரும்? நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?" என்பது அவருடைய கேள்வி.

தமிழ் மீடியம் என்பதை ஒரு குறை மாதிரி சொல்லியிருக்கிறீர்கள். மற்ற வினைச்சொற்களைப் பற்றி எனக்குத் தெரியாமல் பேச மாட்டேன். ஹேவ் விஷயத்தில் மட்டும் அது உங்களுக்குப் பெரிய பலம். ஏனென்றால் ஹேவ் செய்கிற வேலையில் முக்கால்வாசியைத் தமிழில் ஒரே ஒரு சொல் செய்கிறது. அது "இரு". உங்கள் வாயில் காலையிலிருந்து ராத்திரி வரை வருகிற சொல். அதை நீங்கள் எங்கெங்கே போடுகிறீர்கள் என்று கவனித்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இந்த மூன்று வாக்கியத்தையும் பாருங்கள். எனக்கு ஒரு பைக் இருக்கு. அந்தப் படத்தைப் பார்த்திருக்கேன். நாளைக்கு ஆபீஸ் போக வேண்டியிருக்கு. முதலாவது உடைமை, இரண்டாவது முடிந்த காரியம், மூன்றாவது கட்டாயம். மூன்றிலும் இரு உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் "ஐ ஹேவ் எ பைக்", "ஐ ஹேவ் சீன் தட் மூவி", "ஐ ஹேவ் டு கோ டு ஆபீஸ் டுமாரோ". மூன்றிலும் ஹேவ். இப்படி அமைந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஆனால் இரண்டும் அச்சு அசலாக ஒன்று கிடையாது. எங்கே பொருந்தவில்லையோ அங்கேதான் நாம் தப்பு செய்கிறோம். ஒவ்வொன்றாகப் போகலாம்.

முதலில் உடைமை. தமிழில் நாம் எதையும் "உடையவராக இருப்பது" இல்லை. அது நமக்கு "இருக்கிறது". எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க. என்கிட்ட ஐந்நூறு ரூபாய் இருக்கு. இந்த வீட்டுல ரெண்டு ரூம் இருக்கு. சொந்தக்காரர் "கு"விலோ "கிட்ட"விலோ "ல"விலோ ஒதுங்கி நிற்கிறார். வினை போய் ஒட்டிக்கொள்வது தம்பியோடும் பணத்தோடும் ரூமோடும்தான். இது நம் பழக்கம் மட்டும் இல்லை. தெலுங்கு, மலையாளம், இந்தி, ரஷ்யன், அரபி எல்லாம் இப்படித்தான், ஹேவ் மாதிரி ஒரு தனி வினை இல்லாமலே உடைமையைச் சொல்கின்றன. லத்தீனில்கூட "எனக்குப் புத்தகம் இருக்கிறது" என்று நம்ம பாணியில் சொல்கிற வழி ஒன்று உண்டு.

ஆங்கிலம் இதைத் தலைகீழாகப் போடுகிறது. சொந்தக்காரரை எழுவாயாக முன்னால் உட்கார வைக்கிறது. "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்." இதனால் வருகிற ஒரு விளைவைப் பலரும் கவனிப்பதில்லை: வினை சொந்தக்காரரைப் பார்த்துத்தான் மாறும். "மை சிஸ்டர் ஹேவ் டூ கிட்ஸ்" என்று நம்மவர்கள் சொல்வதற்குக் காரணம், தமிழில் "இருக்காங்க" குழந்தைகளோடு போவதுதான். ரெண்டு குழந்தை, அதனால் பன்மை என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுவாய் அக்கா. ஒருத்தி. ஆகவே "மை சிஸ்டர் ஹேஸ் டூ கிட்ஸ்". குழந்தை பத்து இருந்தாலும் ஹேஸ்தான்.

சரி, "இருக்கு" வந்தாலே ஹேவ் போட்டுவிடலாமா? கூடாது. "நான் வேளச்சேரியில இருக்கேன்" என்பது "ஐ ஆம் இன் வேளச்சேரி". "டேபிள் மேல சாவி இருக்கு" என்பது "த கீ இஸ் ஆன் த டேபிள்". இங்கெல்லாம் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை, வெறும் இருப்பு. "ல" வருகிற இடத்தில் சில சமயம் இரண்டு வழியும் செல்லும். சென்னையில கூவம், அடையாறு, கொசஸ்தலைன்னு மூணு ஆறு இருக்கு என்பதை "தேர் ஆர் த்ரீ ரிவர்ஸ் இன் சென்னை" என்றும் சொல்லலாம், "சென்னை ஹேஸ் த்ரீ ரிவர்ஸ்" என்றும் சொல்லலாம். "சென்னை இஸ் ஹேவிங் த்ரீ ரிவர்ஸ்" மட்டும் ஆகாது. அப்புறம் "எனக்குப் பசியா இருக்கு, சந்தோஷமா இருக்கு" மாதிரி "ஆ" ஒட்டி வருபவை. இவை பெரும்பாலும் "ஐ ஆம் ஹங்கிரி", "ஐ ஆம் ஹேப்பி" என்று ஆம் பக்கம் போய்விடும். காய்ச்சல், தலைவலி, சளி மட்டும் விதிவிலக்காக ஹேவ் பக்கமே நிற்கும்: "ஐ ஹேவ் எ ஃபீவர்", "ஐ ஹேவ் எ ஹெட்ஏக்", "ஐ ஹேவ் எ கோல்ட்".

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். "ஐ ஆம் ஹேவிங் எ டவுட்" ஏன் தப்பு?

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்தது, "கிறேன்" என்று முடிந்தால் "ஐ ஆம்" போட்டு வினையோடு "இங்" சேர் என்று. வருகிறேன் என்றால் "ஐ ஆம் கமிங்". பிரச்சினை என்னவென்றால், தமிழில் நிகழ்காலம் ஒன்றுதான். "தினமும் டிரெயின்ல வர்றேன்" என்றாலும் வர்றேன், "இதோ வர்றேன்" என்றாலும் வர்றேன். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. "கிறேன் என்றால் இங்" என்ற சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டவர் "இருக்கிறது" என்பதற்கும் இங் போட்டுவிடுகிறார். அங்கே பிறந்ததுதான் ஐ ஆம் ஹேவிங். "ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்" எல்லாமே அதே வயிற்றுப் பிள்ளைகள். தெரிவதும் புரிவதும் வேண்டுவதும் சொந்தமாக இருப்பதும் நிலைகள். நடந்துகொண்டிருக்கிற செயல்கள் இல்லை. நிலைக்கு இங் கிடையாது.

இதைக் கண்டுபிடிக்க நம்மிடமே ஒரு கருவி இருக்கிறது: "கொண்டிரு". வாக்கியத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். "எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டிருக்கிறது." யாராவது இப்படிப் பேசுவார்களா? "எனக்கு ரெண்டு தம்பி இருந்துகொண்டிருக்கிறார்கள்." காதே ஏற்காது. தமிழ் ஏற்காத இடத்தில் ஹேவிங் வேண்டாம். "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்" இயல்பாக வருகிறது. ஆகவே "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரி. "மீட்டிங் நடந்துகொண்டிருக்கிறது", "வி ஆர் ஹேவிங் எ மீட்டிங்" சரி. "லாகின் பண்ண முடியாமல் அவஸ்தைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்", "ஐ ஆம் ஹேவிங் டிரபிள் லாகிங் இன்" சரி. இங்கெல்லாம் ஹேவ் என்பதற்கு உடைமை என்ற பொருளே இல்லை. சாப்பிடு, நடத்து, அனுபவி என்று ஏதோ ஒரு செயலின் வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது. செயலாக இருப்பதால் இங் ஏற்கிறது.

நோய் விஷயத்தில் இந்தச் சோதனை காலை வாரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "காய்ச்சல் அடித்துக்கொண்டிருக்கிறது" என்று நாம் சொல்வோம். ஆனாலும் ஆங்கிலத்தில் "ஐ ஹேவ் எ ஃபீவர்"தான். காய்ச்சல், சர்க்கரை, ஆஸ்துமா எல்லாம் நிலைகள். அந்த நேரத்தில் நடக்கிற தாக்குதல் என்றால் இங் வரும்: "ஹி இஸ் ஹேவிங் எ ஹார்ட் அட்டாக்". பிரசவ வலியும் அப்படியே.

ஹேவிங் தப்பாகப் போனால் வெறும் இலக்கணக் குறை என்று நினைக்க வேண்டாம், சில இடத்தில் பொருளே மாறும். "ஷி இஸ் ஹேவிங் எ பேபி" என்றால் அவருக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று அர்த்தம். உங்கள் மேனேஜரைப் பற்றி வெளிநாட்டு கிளையண்டிடம் "ஷி இஸ் ஹேவிங் டூ சில்ட்ரன்" என்றால், அவர் வயிற்றில் இரட்டைக் குழந்தை என்று எடுத்துக்கொண்டு வாழ்த்துச் சொல்லிவிடுவார். "ஷி ஹேஸ் டூ சில்ட்ரன்" என்றால் தெளிவு.

டவுட் பற்றியும் ஒரு வார்த்தை. "ஐ ஹேவ் எ டவுட்" இலக்கணப்படி சரி. நம் ஊரில் அதற்கு "ஒன்று கேட்க வேண்டும்" என்று அர்த்தம். வெளிநாட்டுக்காரர் காதில் "நீங்கள் சொல்வதை நான் முழுசாக நம்பவில்லை" என்று விழலாம். ஆகவே கிளையண்ட் இருக்கிற மீட்டிங்கில் "ஐ ஹேவ் எ கொஸ்சின்" என்று சொல்லுங்கள். நம்மவர்களுக்குள்ளே பேசும்போது டவுட் இருந்துவிட்டுப் போகட்டும், எல்லாருக்கும் புரிகிறதே.

கேள்வியும் மறுப்பும் சுருக்கமாக. டூ, டஸ், டிட் வந்துவிட்டால் ஹேவ் பழைய உருவத்துக்கே திரும்பிவிடும். "டஸ் ஷி ஹேஸ்" கிடையாது, "டஸ் ஷி ஹேவ்". "டிட் யூ ஹேட்" கிடையாது, "டிட் யூ ஹேவ்". "ஹேவ் யூ காட் எ பென்" என்பது பிரிட்டிஷ் பழக்கம், "டூ யூ ஹேவ் எ பென்" அமெரிக்கப் பழக்கம், இரண்டும் சரி. "ஹேவ் யூ எ பென்" என்பது பழைய நடை, இன்று பேச்சில் அதிகம் கேட்க முடியாது.

அடுத்தது முடிந்த காரியம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். "பார்த்திருக்கேன்" என்பதில் இருக்கிற இரு, "ஹேவ் சீன்" என்பதில் இருக்கிற ஹேவ். இரண்டு மொழியும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஒரே யோசனைக்கு வந்திருக்கின்றன: முடிந்துபோன செயலின் விளைவு இன்றைக்கும் இருக்கிறது என்று சொல்ல, இருப்பதையோ வைத்திருப்பதையோ குறிக்கிற சொல்லைத் துணைக்குக் கூப்பிடுவது. ஆங்கிலத்தில் இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. ஹேவ் என்பதன் பழைய வேர் பிடி, கைப்பற்று என்ற பொருள் கொண்டது. லத்தீனில் பிடிப்பதைக் குறிக்கிற "காபெரே" அதற்கு உறவு. ஆரம்பத்தில் "எழுதி முடித்த கடிதத்தை வைத்திருக்கிறேன்" என்று சொல்வது போல "ஐ ஹேவ் த லெட்டர் ரிட்டன்" என்ற அமைப்பு இருந்தது. போகப் போக வைத்திருப்பது தேய்ந்து, எழுதி முடித்தது மட்டும் நின்று, "ஐ ஹேவ் ரிட்டன் த லெட்டர்" ஆனது. நம்மிடமும் "எழுதி இருக்கிறேன்" என்ற இரண்டு சொல் "எழுதியிருக்கேன்" என்று ஒன்றாக ஒட்டிக்கொண்டதே, அதே மாதிரி.

பொருத்தம் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். சொல்லியிருக்கணும் என்பது "ஷுட் ஹேவ் டோல்ட்". சொல்லியிருக்கலாம் என்பது "குட் ஹேவ் டோல்ட்". சொல்லியிருப்பார் என்பது இடத்தைப் பொறுத்து "மஸ்ட் ஹேவ் டோல்ட்" அல்லது "வுட் ஹேவ் டோல்ட்". "நீ சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்" என்பது "இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்". இருந்தா வந்த இடத்தில் ஹேட், இருப்பேன் வந்த இடத்தில் வுட் ஹேவ். இந்த வகை வாக்கியம் வந்தால் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்களே தடுமாறுவார்கள். தமிழைப் பிடித்துக்கொண்டு போனால் நீங்கள் தடுமாற மாட்டீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஷுட், குட், வுட், மஸ்ட் இவற்றுக்குப் பின்னால் எப்போதும் ஹேவ்தான். "ஷி வுட் ஹேஸ்", "ஹி குட் ஹேட்" என்றெல்லாம் கிடையவே கிடையாது.

இப்போது பொருந்தாத இடங்கள். தமிழில் "நேத்தே மெயில் அனுப்பியிருக்கேன்" என்று தாராளமாகச் சொல்வோம். அதை அப்படியே "ஐ ஹேவ் சென்ட் த மெயில் யெஸ்டர்டே" என்று எழுதிவிடுகிறோம். ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக இருக்கிற ஓ.எம்.ஆர் சாலை முழுக்க ஆபீஸ் மெயில்களில் அதிகமாகப் பார்க்கக் கிடைக்கிற தப்பு இதுவாகத்தான் இருக்கும். முடிந்துபோன ஒரு நேரத்தை வாயால் சொல்லிவிட்டால் ஆங்கிலம் ஹேவை ஏற்காது. நேத்து, போன வாரம், 2019-ல், ரெண்டு நாள் முன்னாடி, இவை வந்தால் வெறும் இறந்தகாலம்: "ஐ சென்ட் த மெயில் யெஸ்டர்டே". நேரத்தைச் சொல்லாவிட்டால் "ஐ ஹேவ் சென்ட் த மெயில்". டுடே, திஸ் வீக் மாதிரி இன்னும் முடியாத நேரம் என்றால் ஹேவ் வரலாம்.

இதன் அண்ணன் "போயிருந்தேன்". "போன வாரம் திருச்சிக்குப் போயிருந்தேன்" என்பது நல்ல தமிழ். போய்விட்டுத் திரும்பியாச்சு என்ற பொருளைக் காட்டுகிறது. அதனால் "ஐ ஹேட் கான் டு திருச்சி லாஸ்ட் வீக்" என்று வருகிறது. கேட்கிறவர் "சரி, அப்புறம்?" என்று காத்திருப்பார். ஏனென்றால் ஆங்கிலத்தில் ஹேட் கான் தனியாக நிற்காது. இறந்தகாலத்தில் இன்னொரு சம்பவம் வேண்டும், அதற்கு முன்னால் இது நடந்தது என்று காட்டுவதுதான் அதன் வேலை. "நான் சென்ட்ரல் போய்ச் சேர்ந்தப்ப டிரெயின் கிளம்பியிருந்தது": "வென் ஐ ரீச்ட் சென்ட்ரல், த டிரெயின் ஹேட் லெஃப்ட்". இங்கே இரண்டு சம்பவம், ஆகவே சரி. திருச்சிக்கு "ஐ வென்ட் டு திருச்சி லாஸ்ட் வீக்" போதும்.

இன்னொன்று. "அவர் சிங்கப்பூர் போயிருக்கார்" என்று ஒருவர் சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றும்? இப்போது அங்கே இருக்கிறார் என்றும் எடுத்துக்கொள்ளலாம், எப்போதோ போய்வந்த அனுபவம் உண்டு என்றும் எடுத்துக்கொள்ளலாம். தமிழில் இடத்தை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் பிரித்துவிடும். அங்கேயே இருந்தால் "ஹி ஹேஸ் கான் டு சிங்கப்பூர்". போய்வந்த அனுபவம் என்றால் "ஹி ஹேஸ் பீன் டு சிங்கப்பூர்". இன்டர்வியூவில் "ஐ ஹேவ் கான் டு சிங்கப்பூர் ஃபார் எ பிராஜெக்ட்" என்று சொல்கிறவர் எதிரில் உட்கார்ந்துகொண்டே தான் சிங்கப்பூரில் இருப்பதாகச் சொல்கிறார்.

"ரெண்டு வருஷமா", "2019-லேர்ந்து" என்று ஆரம்பித்து இன்றைக்கும் தொடர்கிற விஷயங்கள் தனி வகை. தமிழில் "2019-லேர்ந்து இங்க வேலை பார்க்கிறேன்" என்று நிகழ்காலமாகச் சொல்வோம், அதனால் "ஐ ஆம் வர்கிங் ஹியர் சின்ஸ் 2019" என்று வந்துவிடுகிறது. சரியானது "ஐ ஹேவ் பீன் வர்கிங் ஹியர் சின்ஸ் 2019". நினைவில் வைக்க ஒரு வழி: "லேர்ந்து" என்பதே "இல் இருந்து"தான், அதற்குள் ஒரு இரு ஒளிந்திருக்கிறது. லேர்ந்து வந்தால் ஹேவையும் கூப்பிடுங்கள். தொடங்கிய புள்ளியைச் சொன்னால் சின்ஸ், எவ்வளவு காலம் என்று சொன்னால் ஃபார்.

நீங்கள் கேட்ட ஹேவ் ஹேட் இங்கேதான் பிறக்கிறது. "அஞ்சு வருஷமா இந்த பைக் என்கிட்ட இருக்கு." காலம் தொடர்கிறது, ஆகவே ஒரு ஹேவ் வேண்டும். சொல்ல வருகிற வினையும் ஹேவ். அது ஹேட் என்ற உருவத்தில் வரும். "ஐ ஹேவ் ஹேட் திஸ் பைக் ஃபார் ஃபைவ் இயர்ஸ்." முதல் ஹேவ் துணை, இரண்டாவது ஹேட்தான் "என்கிட்ட இருக்கு". இந்த இரண்டாவது இடத்தில் வேறு வினை இருந்தால் எப்படிச் சொல்வீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்: ஹேவ் சீன், ஹேவ் டன், ஹேவ் ஹேட். அவ்வளவுதான். "ஐ ஆம் ஹேவிங் திஸ் பைக் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்று கேட்டிருப்பீர்கள், அதில் ஹேவிங்கும் தப்பு, சின்ஸும் தப்பு. ஹேட் ஹேட் என்று இரண்டு வந்தாலும் பயப்பட வேண்டாம். "நீங்க கூப்பிட்டப்ப நான் சாப்பிட்டிருந்தேன்": "வென் யூ கால்ட், ஐ ஹேட் ஆல்ரெடி ஹேட் லஞ்ச்".

கட்டாயத்துக்கு வருவோம். வேண்டியிருக்கு என்றால் ஹேவ் டு, வேண்டியிருந்தது அல்லது வேண்டியதாப் போச்சு என்றால் ஹேட் டு. "கடைசி மெட்ரோவை விட்டுட்டேன், ஆட்டோ பிடிக்க வேண்டியதாப் போச்சு": "ஐ மிஸ்ட் த லாஸ்ட் மெட்ரோ அண்ட் ஹேட் டு டேக் அன் ஆட்டோ". மஸ்ட் என்ற சொல்லுக்கு இறந்தகாலம் கிடையாது, அதனால் நேற்றைய கட்டாயத்துக்கு ஹேட் டுதான் ஒரே வழி. மறுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். "யூ டோண்ட் ஹேவ் டு கம்" என்றால் வர வேண்டியதில்லை, விருப்பமிருந்தால் வரலாம். "யூ மஸ்ட் நாட் கம்" என்றால் வரக் கூடாது. தமிழில் "வர வேண்டாம்" என்பது சொல்கிற தொனியைப் பொறுத்து இரண்டு பக்கமும் சாயும். மெயிலில் தொனி தெரியாது. ஜூனியர் ஒருவருக்கு "சனிக்கிழமை வர வேண்டாம்" என்று அன்பாகச் சொல்ல நினைத்து மஸ்ட் நாட் போட்டால், அவர் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டே வார இறுதியைக் கழிப்பார்.

"இரு" உதவாத ஒரு வேலையும் ஹேவுக்கு உண்டு, பிறரை வைத்துச் செய்து முடிப்பது. புதுப்பேட்டையில் மெக்கானிக்கிடம் விட்டு எடுத்த வண்டியைப் பற்றியும் நாம் "பைக்கை ரிப்பேர் பண்ணிட்டேன்" என்போம். சலூனுக்குப் போய்வந்து "முடி வெட்டிக்கிட்டேன்" என்போம். யார் செய்தார்கள் என்பது கேட்கிறவருக்கே தெரியும். "ஐ ரிப்பேர்ட் மை பைக்", "ஐ கட் மை ஹேர்" என்று சொன்னால் ஆங்கிலக் காதுக்கு நீங்களே ஸ்பேனரையும் கத்தரியையும் எடுத்தீர்கள் என்று ஆகிவிடும். "ஐ ஹேட் மை பைக் ரிப்பேர்ட்." "ஐ ஹேட் மை ஹேர் கட்." ரிச்சி ஸ்ட்ரீட்டில் போன் ஸ்கிரீனை மாற்றினால் "ஐ ஹேட் மை ஸ்கிரீன் ரிப்ளேஸ்ட்".

சொல் வரிசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "ஐ ஹேட் ரிப்பேர்ட் மை பைக்" என்றால் நானே ரிப்பேர் செய்திருந்தேன். "ஐ ஹேட் மை பைக் ரிப்பேர்ட்" என்றால் ஆள் வைத்துச் செய்தேன். அதே நாலைந்து சொல், இடம் மாறினால் செய்தவரே மாறிவிடுகிறார். ஆளையும் சொல்ல வேண்டுமென்றால் "ஐ ஹேட் த எலக்ட்ரிஷியன் செக் த வயரிங்"; இங்கே செக் என்பதற்கு முன்னால் டு வராது. இதே அமைப்பு நம் விருப்பம் இல்லாமல் நடப்பதற்கும் பயன்படும். "ஷி ஹேட் ஹர் செயின் ஸ்னாட்ச்ட்." செயினைப் பறிக்கச் சொல்லி யாரும் ஆள் வைக்க மாட்டார்கள். இதற்குத் தமிழில் அழகான ஒரு வினை இருக்கிறது: செயினைப் பறிகொடுத்தார்.

உச்சரிப்பையும் விட்டுவிடக் கூடாது. ஹேவ், ஹேஸ், ஹேட் என்று தமிழில் எழுதுகிறோமே தவிர, அந்த உயிர் நம் ஏ இல்லை. ஆ சொல்கிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு ஏ சொல்லிப் பாருங்கள், அதுதான். குறிலாகச் சொல்ல வேண்டும். நீட்டி, கடைசியில் அழுத்தி ஹேட் என்றால் வெறுக்கிறேன் என்ற சொல்லாகிவிடும். ஹேவ் டு வேகமாக வரும்போது "ஹாஃப்டு" மாதிரியும் ஹேஸ் டு "ஹாஸ்டு" மாதிரியும் ஒலிக்கும். "ஐ ஹேவ் சென்ட்" என்பது பேச்சில் "ஐவ் சென்ட்" ஆகிவிடும். கால் எடுக்கும்போது அந்த மெல்லிய வ் காதில் விழவில்லையே என்று குழம்ப வேண்டாம். "ஹீஸ்" என்பது ஹி இஸ் ஆகவும் இருக்கலாம், ஹி ஹேஸ் ஆகவும் இருக்கலாம். பின்னால் கான், சீன், டன் மாதிரி உருவம் வந்தால் பெரும்பாலும் அது ஹேஸ்.

பழகுவதற்கு என் யோசனை, இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதை விட, நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய மெயில்களைத் திறந்து ஹேவிங், ஹேவ், ஹேட் என்று தேடிப் பார்ப்பது. கிடைக்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கொண்டிரு வருகிறதா, முடிந்த நேரம் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா, லேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஆங்கிலம்–ஆங்கிலம் கற்போர் அகராதி ஒன்றை எடுத்து ஹேவ் பகுதியைப் படியுங்கள். சாதாரண அகராதி வேண்டாம். வெளிநாட்டு மாணவர்களுக்கென்று போடுகிறவற்றில்தான் எந்தப் பொருளில் இங் வராது என்று தனியாகக் குறித்திருப்பார்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தே பார்த்துவிட்டு வரலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கஸ்டமர் கால் எடுக்கிறவர் என்பதால் சொல்கிறேன். "யூ ஹேட் பெட்டர் ரீஸ்டார்ட் த சிஸ்டம்" என்று சிலர் மரியாதை என்று நினைத்துச் சொல்கிறார்கள். பெட்டர் என்ற சொல் இருப்பதால் "செய்தால் நல்லது" என்ற மென்மை இருக்கும் என்று தோன்றுகிறது. ஹேட் இருந்தாலும் அது இறந்தகாலமும் இல்லை, மென்மையும் இல்லை. "செய்துவிடு, இல்லாவிட்டால் வம்பு" என்ற எச்சரிக்கை அதில் உண்டு. அப்பா பிள்ளையிடமும், நெருங்கிய நண்பர்களுக்குள்ளும் சொல்லலாம். கஸ்டமரிடம் "குட் யூ ப்ளீஸ் ரீஸ்டார்ட் த சிஸ்டம்" என்று கேளுங்கள்.